நிறுத்தச் சொல்லும் முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொல்லி வைத்தவர் யாரோ, அவர் பல்லுக்காரரைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சொன்ன சொல்லைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார்.

பல்லுக்காரரின் அகம் பஞ்சு. கரப்பான்பூச்சியை அடிக்கச் சொன்னால், அதை ஒரு காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வருவார். சினிமாவில் யாராவது அழப்போகிறார்கள் என்று தெரிந்தாலே இவர் முந்திக்கொள்வார். முகம் மட்டும் வேறு கட்சி. இரண்டு புருவங்களும் நடுவில் கைகோத்து நிற்கும். இடது புருவத்தில் குறுக்காக ஒரு தழும்பு. மூன்று வயதில் ஊஞ்சல் பலகை மோதியது, ஆனால் பார்க்கிறவர்களுக்கு அரிவாள்தான் ஞாபகம் வரும். கண்ணில் எப்போதும் சிவப்பு, தூசி ஒத்துக்கொள்ளாது. அதற்குக் கீழே மேலுதட்டை முழுசாக விழுங்கிவிட்ட மீசை. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது.

இந்த முகத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்திருந்தால் தப்பித்திருப்பார். கிடைத்ததோ நாள் முழுக்கச் சாலையில் திரிகிற வேலை. பல் செட் செய்கிற ஒரு லேபுக்கு வேன் ஓட்டினார். வேன் அவருடையது, சரக்கு லேபுடையது. காலையில் பல் செட்டுகளை ஏற்றிக்கொண்டுபோய்ப் பல் ஆஸ்பத்திரிகளில் கொடுக்க வேண்டும். திரும்பும்போது அங்கே எடுத்து வைத்திருக்கும் வாய் அச்சுகளை வாங்கிவர வேண்டும். பதினெட்டு வருஷமாக இதுதான். அதனால்தான் பல்லுக்காரர்.

இந்த அச்சு சமாசாரம் அவசரமானது. பல் டாக்டர் ரோஜா நிறப் பசை ஒன்றைக் குழைத்துத் தட்டில் வைத்து, நோயாளியின் வாய்க்குள் அழுத்தி எடுப்பார். ஈறின் மேடு பள்ளமெல்லாம் அதில் பதிந்துவிடும். அதை ஈரப்பஞ்சில் சுற்றி டப்பாவில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொண்டுவந்து பிளாஸ்டர் மாவு கரைத்து அதற்குள் ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் பசை சுருங்கும். ஒரு நூல் சுருங்கினாலும் போதும், செய்கிற பல் செட் வாயில் உட்காராது. பேசினால் ஆடும், மென்றால் குத்தும். அப்புறம் அந்த மனிதரைக் கெஞ்சிக் கூப்பிட்டு மறுபடியும் வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும். ஒரு தடவை அந்தப் பசையை வாயில் வாங்கியவர் யாரும் இரண்டாம் தடவை சிரித்த முகமாக வருவதில்லை.

போலீஸ்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? முன்னால் போகிற காரை விட்டுவிடுவார்கள், பின்னால் தலைக்கவசம் இல்லாமல் வருகிற பைக்கையும் விட்டுவிடுவார்கள். நடுவில் பல்லுக்காரரின் முகம் கண்ணாடி வழியாகத் தெரிந்ததோ இல்லையோ, கை தானாக மேலே போகும். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் நாலு நாளாவது ஓரம் கட்டச் சொல்வார்கள்.

“நிறுத்துய்யா! பின்னால என்ன வச்சிருக்கே?”

“பல்லு சார்.”

“என்னது?”

“பல்லு சார். மனுஷப் பல்லு. அதாவது, மனுஷங்களுக்குப் பல்லு.”

திருத்திச் சொல்வதற்குள் காரியம் கெட்டிருக்கும். போலீஸ்காரர் இரண்டடி பின்வாங்கி இன்னொருவரைக் கூப்பிடுவார். இரண்டு பேருமாகப் பெட்டியைத் திறந்தால் முப்பது டப்பாவிலிருந்து முப்பது பேர் சிரிப்பார்கள்.

“இது யாரோடதுய்யா?”

“ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருத்தரோடது சார். பத்து மணிக்குக் குடுக்கணும். அவரு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு.”

அடுத்து பேப்பர். இதில்தான் பல்லுக்காரர் கில்லாடி. சீட்டுக்கு அடியில் ஒரு நீல ஃபைல் இருக்கும். லைசென்ஸ், வண்டிப் பதிவு, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லேபின் கடிதம் என்று வரிசை மாறாமல், ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். தேதி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே எல்லாவற்றையும் புதுப்பித்துவிடுவார். வண்டியில் ஒரு விளக்கு எரியாமல் இருக்காது, டயரில் ஒரு கோடு தேய்ந்திருக்காது. தினம் தினம் பரீட்சை எழுதுகிறவன் படிக்காமல் போக முடியுமா? ஆனால் அதுவும் சில சமயம் வினையாக முடியும். “இவ்வளவு சுத்தமா பேப்பர் வச்சிருக்கான்னா ஏதோ இருக்கு, வண்டியை நல்லாப் பாரு” என்று ஒரு அதிகாரி சொல்லி, ஸ்டெப்னி டயரைக்கூடத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

அதே முகம் இன்னொன்றும் பல்லுக்காரர் வீட்டில் இருந்தது. நாலு வயது இளைய தம்பி. தழும்பு ஒன்றுதான் குறை, மற்றபடி அச்சு அசல். அவனும் அதே லேபுக்குத்தான் வேன் ஓட்டினான். ஆற்றுக்கு அப்பால் மேற்குப் பக்கம் அண்ணனுக்கு, கிழக்குப் பக்கம் தம்பிக்கு. இரண்டு பேரும் திரும்பி வருவது ஒரே பாலம் வழியாக. கீழ்த்தளத்தில் அண்ணன் குடும்பம், மேல்தளத்தில் தம்பி குடும்பம். சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்தால் முதல் பேச்சு இதுதான்.

“இன்னைக்கு எத்தனைடா?”

“ரெண்டு. உனக்கு?”

“ஒண்ணுதான். ஆனா மோப்ப நாய் வந்துச்சு.”

“நாயா? அப்ப அது ரெண்டுக்குச் சமம்ணே. நீதான் ஜெயிச்சே.”

சிரிப்பார்கள். பதினெட்டு வருஷம் சிரித்தே ஓட்டிவிட்டார்கள். அழுது என்ன ஆகப்போகிறது என்பது ஒரு பக்கம். பல்லுக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் வண்டியை விட்டு இறங்கும்போது முழங்கால் லேசாக நடுங்கும் என்பதும், எதிரே போகிற பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொள்வார் என்பதும் இன்னொரு பக்கம். அதை அவர் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை.

ஒருநாள் பாலத்தடியில் நாற்பது நிமிஷம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அன்றைக்குக் கொண்டுவந்த ஐந்து அச்சும் சுருங்கிப் போயின. லேபின் முதலாளியம்மா நல்ல மனுஷி, கத்தவில்லை. ஐந்து டப்பாவையும் அவர் முன்னால் வரிசையாக வைத்துவிட்டு ஃபோனை எடுத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அவர் காது படவே மன்னிப்புக் கேட்டார். கத்தியிருந்தால் தேவலை என்று பல்லுக்காரருக்கு இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவரை மனைவி உற்றுப் பார்த்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஒரு நாளைக்கு நாற்பது முகத்துக்கு ஃபிரேம் மாட்டிப் பார்க்கிறவள்.

“மூஞ்சியை மாத்த முடியாது. ஆனா மூஞ்சி மேல ஒண்ணை மாட்டலாம்” என்றாள்.

“எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?”

“உங்களுக்குத் தெரியறதுக்கு இல்லைங்க. அவங்களுக்கு நீங்க எப்படித் தெரியணும்ங்கறதுக்கு. வட்ட ஃபிரேம் போட்டா எப்பேர்ப்பட்ட ரௌடியும் வாத்தியார் ஆயிடுவான். எங்க கடையில தினம் பாக்கறேன்.”

மறுநாளே வேலை தொடங்கியது. கனத்த கறுப்பு விளிம்பில் வட்டக் கண்ணாடி, பவர் இல்லாதது. மேல்விளிம்பு சரியாகப் புருவக் கூட்டணியின் மேல் உட்கார்ந்து அதையும் தழும்பையும் மறைத்தது. வெளிர்நீலச் சட்டை, பையில் ஒரு பேனா. தலையை வகிடெடுத்துப் படிய வாரினாள். கடைசியில் மீசை. சலூன்காரர் இரண்டு தடவை “நிச்சயமா?” என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை வைத்தார். வீட்டுக்கு வந்து மணி அடித்தால், கதவைத் திறந்த மகள் உள்ளே பார்த்து, “அம்மா, யாரோ ஒரு சார் வந்திருக்காங்க” என்றாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது.

மனைவி இன்னொன்றும் செய்தாள். லேபில் பழசாகிப் போன ஒரு வெள்ளைக் கோட்டை வாங்கித் துவைத்து, இஸ்திரி போட்டு, வேனில் பக்கத்து சீட்டின் முதுகில் மாட்டிவிட்டாள். “சும்மா தொங்கட்டும், சோறா கேக்குது?”

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இந்தக் கணக்கில் ஆடை முக்கால், ஆள் கால்தான். முதல் நாள் பாலத்தடியில் போலீஸ்காரரின் கை வழக்கம்போல மேலே எழுந்தது. பல்லுக்காரரின் முழங்காலும் வழக்கம்போல ஆயத்தமானது. ஆனால் பாதியில் அந்தக் கை திசை மாறி, “போங்க சார், போங்க” என்று வழிவிட்டது. பல்லுக்காரர் திரும்பிப் பார்த்தார், பின்னால் யாராவது பெரிய மனுஷர் வருகிறாரோ என்று. யாரும் இல்லை. பாலம் முடிகிற வரைக்கும் அவர் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

ஒரு மாதம் ஒருவரும் நிறுத்தவில்லை. இரண்டாம் மாதத்தில் ஒருவர் நிறுத்தினார், அதுவும் வேறு விஷயமாக. பாலத்தடியில் நிரந்தரமாக நிற்கும் தொந்திப் போலீஸ்காரர், வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் குனிந்தார்.

“சார், டாக்டரா?”

“பல்லு...” என்று தொடங்கினார் நம்மவர்.

“பல் டாக்டரா! நல்ல நேரத்துல வந்தீங்க. கடைவாய்ப்பல்லு சார், மூணு நாளாத் தூக்கமில்லை.” இல்லை என்று சொல்வதற்குள் நடுச்சாலையில் வாயைத் திறந்துவிட்டார்.

பதினெட்டு வருஷம் பல்லோடு பழகியவருக்குச் சொத்தை தெரியாதா? எட்டிப் பார்த்து, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லி, வழியிலிருக்கிற ஒரு ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னார். அடுத்த வாரம் பல் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து தொந்திப் போலீஸ்காரர் அவர் வேனைத் தூரத்தில் பார்த்தாலே மற்ற வண்டிகளை ஒதுக்கி வழி செய்து கொடுத்தார். “வணக்கம் டாக்டர்!” முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அதற்கும் அப்புறம், உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், பிடித்துவிட்டது. தலையை லேசாக ஆட்டி ஒரு புன்னகை செய்யக்கூடக் கற்றுக்கொண்டார்.

மரியாதை வந்தால் கூடவே சோம்பலும் வரும் போலிருக்கிறது. ஒருநாள் பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று மனைவி சொன்னாள். பார்த்துக்கலாம் என்றார். நீல ஃபைல் சீட்டுக்கு அடியிலேயே தூசி தின்றது. முதல் தேதியோடு இன்சூரன்ஸ் முடிந்தது. முன்பெல்லாம் ஒரு மாதம் முன்பே வரிசையில் நிற்கிற மனிதர், இன்றைக்கு நாளைக்கு என்று மூன்று வாரம் தள்ளிவிட்டார். “யாரு கேக்கப் போறா?” என்றார் மனைவியிடம். இதைச் சொன்னது அவர்தானா என்று அவருக்கே ஒரு நொடி சந்தேகமாக இருந்தது.

தம்பி இதற்கெல்லாம் மசியவில்லை. அண்ணி அவனுக்கும் ஒரு ஃபிரேம் எடுத்து வைத்திருந்தாள்.

“வேண்டாம் அண்ணி. இது எங்கப்பா குடுத்த மூஞ்சி.”

“மூஞ்சி உங்கப்பா குடுத்தது, சரி. மீசையுமா அவர் குடுத்தாரு?”

“நான் என்ன தப்பு பண்ணேன், மறைச்சுக்கறதுக்கு? எம் பேப்பர் பக்காவா இருக்கு. பாக்கறவன் பாத்துட்டுப் போகட்டும்.”

பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு பேருக்குப் பகிர்ந்து கிடைத்தது இப்போது முழுசாக அவன் ஒருவனுக்கே என்று ஆகிவிட்டது. ஒரு மாதத்தில் மூன்று தடவை அச்சு சுருங்கிப் போனது. மூன்றாவது தடவை முதலாளியம்மா அவனைக் கூப்பிட்டு, “உம்மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஆனா ரெண்டு ஆஸ்பத்திரி வேற லேபுக்குப் போறேன்னு சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை கெட்டா கிழக்குப் பக்கத்தை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்” என்றார். தம்பி மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வேனுக்கு வேறு வேலை தேட, இந்த முகத்தோடு யார் வாசலில் போய் நிற்பது?

அந்த வாரம்தான் பல்லுக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். பாலத்தடியில் தம்பியின் வேன் ஓரத்தில் நின்றது. தம்பி கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, ஒரு போலீஸ்காரர் அவன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார். தொந்திப் போலீஸ்காரர் இவருக்கு வழிவிட்டு, “போங்க டாக்டர்” என்றார். பல்லுக்காரர் போய்விட்டார். நின்றால் நம்முடைய அச்சும் கெடும், இரண்டு பேர் தாமதமாவதற்கு ஒருவரோடு போகட்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டார். கணக்கு சரிதான். ஆனாலும் லேப் வரும் வரைக்கும் அவர் வண்டியின் பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை. அன்றைக்குத் தம்பியை ஐந்து நிமிஷத்தில் விட்டுவிட்டதால் அச்சு பிழைத்தது.

சாயங்காலம் மாடிப்படியில் தானாகவே பேச்சைத் தொடங்கினார். “நான் சொல்றதைக் கேளு. ஒரு பிளேடு, ஒரு கண்ணாடி. அரை மணி நேர வேலை. எதுக்குடா வீம்பு?”

தம்பி ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. “என்னைப் பார்த்தியா இன்னைக்கு?”

“ம்.”

“பார்த்துட்டா போனே?”

பல்லுக்காரருக்கு வாயில் பதில் இருந்தது, அச்சு, நேரம், கணக்கு எல்லாம். தம்பி ஷூவை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டான். எத்தனை என்று அன்றைக்கு இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை, அதற்கடுத்த நாட்களிலும் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. பதினொன்று ஐந்துக்குப் பல்லுக்காரர் பாலத்தை நெருங்கினார். மறுபடியும் ஓரத்தில் தம்பியின் வேன். இந்தத் தடவை பின்கதவு முழுசாகத் திறந்திருந்தது. ஒரு இளம் போலீஸ்காரர் டப்பாக்களை ஒவ்வொன்றாகச் சாலையில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். அச்சு டப்பா வெயிலில் இருந்தது. தம்பி வழக்கமாகப் பத்தரைக்கு முன்னால் கடைசி ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிடுவான். அப்படியானால் பதினொன்றரைக்குள் மாவு ஊற்றியாக வேண்டும். லேபுக்கு இங்கிருந்து பதினைந்து நிமிஷம். பல்லுக்காரருக்கு இந்தக் கணக்குப் போட பேப்பர் பேனா வேண்டாம்.

“வணக்கம் டாக்டர், போங்க போங்க” என்றார் தொந்திப் போலீஸ்காரர்.

போனார். தடுப்பைத் தாண்டி நூறு அடி போனார். அங்கே ஓரம் கட்டி, வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். அவசரத்தில் கை வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டது, ஏன் என்று அவருக்கே தெரியாது. திரும்பி நடந்தார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். மடியில் மூன்று வாரத்துக் கனம் இருந்தது.

தொந்திப் போலீஸ்காரர் ஓடி வந்தார். “என்ன டாக்டர்? ஏதாவது பிரச்சினையா?”

“அந்த டப்பா... அது வெயில்ல இருக்கக் கூடாது சார். உடனே லேபுக்குப் போகணும்.”

“அட, இது உங்க சாமானா? இவன் உங்க ஆளா?” போலீஸ்காரர் முகம் மலர்ந்தது. இளையவரைப் பார்த்துக் கத்தினார். “ஏய், அந்த டப்பாவை டாக்டர்கிட்டக் குடுத்துடு. நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க டாக்டர். இவனை நாங்க மெதுவா விசாரிச்சு அனுப்பறோம்.”

கேட்டது கிடைத்துவிட்டது, கேட்பதற்கு முன்பே. தலையை ஆட்டினால் போதும். அச்சு போய்ச் சேரும், தம்பியின் வேலை பிழைக்கும், இன்சூரன்ஸ் பற்றி ஒரு ஈ காக்கை கேட்காது. லேசாக ஆட்டி ஒரு புன்னகை, அதைத்தான் இரண்டு மாதமாகப் பழகி வைத்திருக்கிறாரே.

தம்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் எப்படியும் தலையாட்டுவார் என்று தெரிந்தவன் மாதிரி, தானே டப்பாவை எடுத்து நீட்டினான். “இந்தாங்க சார்” என்றான்.

சார் என்று அவன் சொன்னதுதான் பல்லுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“இவன் என் தம்பி” என்றார்.

தொந்திப் போலீஸ்காரர் சிரித்தார். “போங்க டாக்டர், நல்லா ஜோக் அடிக்கிறீங்க.”

“கூடப் பிறந்த தம்பி சார். நான் டாக்டர் இல்லை. அவன் ஓட்டற மாதிரி வேன் ஓட்டறவன். பல்லு கொண்டுபோய்க் குடுக்கறவன்.”

சிரிப்பு நின்றது. போலீஸ்காரரின் கை தன்னையறியாமல் தாடைக்குப் போயிற்று. நடுச்சாலையில் ஒரு வேன் டிரைவரிடம் வாயைப் பிளந்து காட்டியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“ஓஹோ” என்றார். “அப்ப உன் பேப்பரை எடு.”

“நீங்க” போய் “நீ” வருவதற்கு ஒரு நொடிதான் ஆயிற்று.

பல்லுக்காரர் நீல ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தார். போலீஸ்காரர் இரண்டு ஃபைலையும் வேனின் மேல் விரித்து வைத்துப் பார்த்தார். தம்பியுடையது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். அண்ணனுடையதில் மூன்றாவது உறை வந்ததும் விரல் நின்றது.

“இன்சூரன்ஸ் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு.”

“ஆமா சார்.”

“பின்விளக்கு ஒண்ணு எரியலை” என்றார் இளம் போலீஸ்காரர், தள்ளி நின்ற வேனின் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து.

“ஆமா சார்.”

“உன் வண்டி இங்கேதான் நிக்கும். அபராதம் கட்டி, இன்சூரன்ஸ் போட்டு, காட்டிட்டு எடுத்துக்கோ.” தம்பியின் பக்கம் திரும்பினார். இறக்கி வைத்த டப்பாக்களையும் அந்தச் சுத்தமான ஃபைலையும் மாறி மாறிப் பார்த்தார். “உன்கிட்ட ஒண்ணும் இல்லை. நீ போ.”

பதினொன்று பன்னிரண்டு. அண்ணனும் தம்பியும் வாய் பேசாமல் ஓடினார்கள். சாலையில் கிடந்த டப்பாக்கள் உள்ளே போயின, அண்ணனின் அச்சுப் பெட்டியும் தம்பியின் வேனுக்கு மாறியது. கதவைச் சாத்தும்போது தம்பி மட்டும், “பைத்தியமாண்ணே உனக்கு?” என்றான். பல்லுக்காரர் வேனின் பின்பக்கத்தை ஓங்கித் தட்டினார். “போடா, நேரமாச்சு.”

தொந்திப் போலீஸ்காரர் பாலத்துச் சுவரில் புத்தகத்தை வைத்து எழுதத் தொடங்கினார். கோபம் இன்னும் அடங்கவில்லை. “முதல்லேயே உன்னை நிறுத்திப் பார்த்திருக்கணும்” என்றார்.

“பதினெட்டு வருஷமா நிறுத்திப் பார்த்தீங்க சார்” என்றார் பல்லுக்காரர். “அப்பல்லாம் எல்லாம் சரியா இருந்துச்சு.”

போலீஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி எழுதினார். எழுதியது நியாயமான அபராதம், பல்லுக்காரருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். வெயிலில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. அதையும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். தலை கலைந்திருந்தது, தூசியில் கண் சிவந்துவிட்டது.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு ஃபோன் வந்தது.

“ஊத்தியாச்சுண்ணே. ரெண்டு பேரோடதும். கரெக்டா இருபத்தெட்டுக்கு. முதலாளியம்மா ஒண்ணும் சொல்லலை, எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாங்க.”

பல்லுக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். “சரிடா. நான் பஸ்ஸைப் புடிச்சு வந்துடறேன்.”

“இரு, நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்.”

“வராதேடா, மறுபடியும் நிறுத்துவாங்க.”

“நிறுத்தட்டும்” என்று வைத்துவிட்டான்.

கால் மணி நேரத்தில் எதிர்ப்பக்கச் சாலையில் தம்பியின் வேன் தெரிந்தது. முன்னால் வந்த காரை விட்டார்கள், பின்னால் வந்த பைக்கை விட்டார்கள். அந்தப் பக்கம் புதிதாக வந்து நின்றிருந்த போலீஸ்காரரின் கை மேலே போனது. தம்பி ஓரம் கட்டி, ஃபைலோடு இறங்கினான். பல்லுக்காரர் இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைக் குறுக்கே கடந்து போய், தம்பியின் பக்கத்தில் தோளோடு தோள் உரச நின்றார்.

“நீ யாருய்யா நடுவுல?” என்றார் புதுப் போலீஸ்காரர்.

“அண்ணன் சார்.”

அந்த மனிதர் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் பார்வையை நகர்த்தினார். கைகோத்த புருவம், சிவந்த கண், இல்லாத கழுத்து.

“அதான் பார்த்தாலே தெரியுதே” என்றார் எரிச்சலோடு. பல்லுக்காரருக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.